காணாமல்போன மச்சத்தைத் தேடி மட்டாஞ்சேரிக்கு

கொச்சிக்குப் போகிறேன் என்று சொன்னால் சீன வலை, மிளகு வாசனை, படகுச் சவாரி என்று எல்லோரும் ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் போனது, மீன்பிடித் துறைமுகத்தில் வலையோடு வந்து யாருக்கும் வேண்டாமல் ஓரமாகக் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவதற்கு. ஒன்றரை வருடத்தில் இது மூன்றாவது தடவை. மே மாதக் கடைசி வாரம். ஜூன் இரண்டாவது வாரம் ட்ராலிங் தடை தொடங்கிவிடும், அப்புறம் ஜூலை முடியும்வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. போனால் இப்போதே போக வேண்டும், இல்லையென்றால் ஆகஸ்ட். ஆகஸ்ட் வரை காத்திருக்கும் நிலைமையில் நான் இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவையில் ஒரு கல்லூரியில் வேதியியலில் பிஎச்.டி. செய்கிறேன். இது நாலாவது வருடம். கடலில் வாழும் உயிர்களிலிருந்து மருந்தாகக்கூடிய பொருளைப் பிரித்தெடுப்பது என் வேலை. என்னைப் போல மாதிரி சேகரிக்க ஊர் ஊராக அலைகிறவர்கள் இந்த வலைப்பூவை எத்தனை பேர் படிக்கிறீர்களோ தெரியாது. போன தடவை மண்டபம் போய் வந்ததைப் பற்றி எழுதியதற்கு ஏழு பின்னூட்டம் வந்தது, அதில் இரண்டு என் சித்தப்பா பிள்ளைகள் போட்டது. மீதி ஐந்து பேருக்காக எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கடற்பஞ்சு என்று ஒரு பிராணி இருக்கிறது. பார்த்தால் செடி மாதிரி பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் பிராணிதான். அதை நறுக்கி மெத்தனாலில் ஊறப்போட்டால், உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கான பொருட்கள் கஷாயம் போல இறங்கும். மெத்தனாலை ஆவியாக்கினால் பிசின் மாதிரி ஒன்று மிஞ்சும். அதை எண்ணெயோடு சேர்கிறவை, தண்ணீரோடு சேர்கிறவை என்று முதலில் பிரிக்க வேண்டும். பிறகு சிலிக்கா நிரப்பிய நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சொட்டுச் சொட்டாக இறக்கிப் பல பங்குகளாக்க வேண்டும். ஒவ்வொரு பங்கும் கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்து, கொல்கிற பங்கை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பப் பிரிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு பொருள் தனியாக நிற்கும்வரை இதே பாடுதான். ஒரு வாளிப் பஞ்சிலிருந்து கடுகளவு கிடைத்தால் அன்றைக்கு லேபில் எல்லோருக்கும் ஸ்வீட்.

எனக்கு அந்தக் கடுகு கிடைத்தது. முதல் தடவை தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து கொண்டுபோன மஞ்சள் நிறக் கடற்பஞ்சில் ஒரு பொருள் இருந்தது. சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு கிருமியை அது தட்டில் வளரவிடவில்லை. பள்ளியில் சாக்பீஸை மையில் நிறுத்தி நிறங்கள் தனித்தனியாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தையைச் சிலிக்கா பூசிய சின்னத் தகட்டில் செய்வோம். புற ஊதா விளக்கில் பார்த்தால் தகடு பச்சையாக ஒளிரும், நம் பொருள் இருக்கிற இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். என் பொருள் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வட்டமாக, அழகாக நின்றது. லேபில் அதற்கு மச்சம் என்று பெயர் வைத்தோம்.

இரண்டாவது தடவை அதே துறைமுகத்திலிருந்து அதே பஞ்சைக் கொண்டுவந்தேன். மச்சம் இல்லை. பத்துத் தகடு ஓட்டினேன், பத்திலும் இல்லை. பஞ்சு வேறு இனமோ என்று அடையாளம் காண அனுப்பினேன், அதே இனம் என்றுதான் பதில் வந்தது. எங்கள் துறையில் இதற்கு ஒரு பழைய பயம் உண்டு. பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கும் பொருள் கரைந்து மாதிரியில் கலந்துவிடும். அதைப் போய் புதிய மருந்து என்று கண்டுபிடித்து, கட்டுரையும் எழுதி, மானம் போனவர்கள் உண்டு. முதல் தடவை நான் பஞ்சைக் கொண்டுவந்தது ஒரு காலி பெயின்ட் வாளியில். எனவே அதே கம்பெனி வாளி ஒன்று வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி மெத்தனாலில் ஊறப்போட்டேன். வாளியைக் கஷாயம் வைத்துக் குடிக்காத குறைதான். அதிலும் மச்சம் இல்லை.

மார்ச்சில் ஆய்வுக்குழுக் கூட்டம். குழுவில் இருக்கிற ஒரு பேராசிரியர் என் ஸ்லைடுகளை எல்லாம் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ முதல் ரிசல்ட் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை, கேட்ட தொனிதான் என்னைக் கொன்றது. இல்லாத ஒன்றை நான் இருப்பதாகக் காட்டிவிட்டேன் என்று அவர் நினைக்கிறார். அறையில் இருந்த மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். என் வழிகாட்டி மேடம் அன்று கூட்டத்தை அத்தோடு முடித்துவிட்டார். மே மாதம்தான் கூப்பிட்டு, "இன்னொரு தடவை போய்ட்டு வா கவிதா. இப்பவும் வரலேன்னா அந்தச் சேப்டரை எடுத்துடலாம்" என்றார். சேப்டர் போனால் ஒரு வருட வேலை போகும், அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பொய் சொன்னவள் என்ற பெயரோடு வெளியே போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆக, பயணம். கோவையிலிருந்து காலை ஆறரை மணி வாக்கில் கிளம்பும் ரயில், உட்கார்ந்து போகும் வகுப்பு, நூறு ரூபாய் சொச்சம். எர்ணாகுளம் வரை நாலு மணி நேரம். பாலக்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மடியில் தெர்மாகோல் பெட்டி. கைப்பையில் துணி சுற்றிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அதில் முதல் தடவை பிரித்த மச்சத்தின் மிச்சம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பர்ஸ் தொலைந்தாலும் பரவாயில்லை என்று குப்பியைத்தான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். மெத்தனால், ஹெக்ஸேன் மாதிரி தீப்பற்றும் திரவங்களை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. படகிலும் விடமாட்டார்கள். போகிற ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எர்ணாகுளத்தில் ரசாயனக் கடைகள் உண்டு, கல்லூரிக் கடிதம் காட்டினால் கொடுப்பார்கள். நான் கேட்ட தரத்தில் மெத்தனால் அன்றைக்கு அரை லிட்டர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. குறைந்தது இரண்டு லிட்டர் வேண்டும். ஆரம்பமே இப்படியா என்று அலுத்துக்கொண்டு, தகட்டில் ஏற்றும் திரவங்களோடு அந்த ஒன்றையும் வாங்கிக்கொண்டேன்.

சாதாரணமாக மட்டாஞ்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கு வாட்டர் மெட்ரோ படகுதான் சுகம். ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நாற்பது ரூபாய், இருபது நிமிடம். கையில் மெத்தனால் இருந்ததால் எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாவது தடவை வந்தபோது பழக்கமான ஆட்டோக்காரர் முருகேசனை வரச்சொல்லியிருந்தேன். வெல்லிங்டன் தீவு, தோப்பும்படி வழியாகச் சுற்றி மட்டாஞ்சேரிக்குப் பத்து கிலோமீட்டர் வரும், முந்நூறு ரூபாய்.

முருகேசனின் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்கு வந்தவர். முருகேசன் பிறந்தது மட்டாஞ்சேரியில். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அவர் மனைவி லதா கார்ப்பரேஷனில் சுகாதாரப் பிரிவில் வேலை செய்கிறார். வீட்டு மாடியில் ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார்கள், நான் தங்கியது அங்கேதான். நாளுக்கு எண்ணூறு ரூபாய், காலை உணவு சேர்த்து. ஏசி கிடையாது, ஃபேன் நன்றாகச் சுற்றும், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வரும்.

"மூணாமத்த தடவையல்லோ மேடம்? அங்ஙன என்ன இருக்கு அந்தக் கழிவுல?" என்று முருகேசன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"இருக்கா இல்லையான்னுதான் பாக்க வந்திருக்கேன் அண்ணா."

"குழப்பமில்ல. நாளைக்குக் காலத்தே அஞ்சு மணிக்கு இறங்குவோம். சாயா அங்க போய்க் குடிக்கலாம்."

மறுநாள் ஐந்தேகாலுக்குத் துறைமுகத்தில் இருந்தோம். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். மழை தூறிக்கொண்டே இருந்தது. படகுகள் வருமா என்று இரவெல்லாம் பயந்தது வீண், தடைக்கு முன்னால் கிடைத்ததை அள்ளிவிட வேண்டும் என்று எல்லாப் படகும் வந்திருந்தது. ஏலம் விடுகிறவர்களின் கத்தல், ஐஸ் வண்டிகள், காலடியில் மீன் தண்ணீர். செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், வழுக்கும். பின்னால் பட்டை வைத்த ரப்பர் காலணிதான் சரி.

விசைப்படகுகளில் வேலை செய்கிறவர்களில் கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழர்கள் நிறைய உண்டு. அவர்களில் சூசை என்பவர் போன தடவையும் எனக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தவர். வலையில் சிக்கி வந்ததை ஒரு கூடையில் தனியாகப் போட்டிருந்தார். "கையுறை போட்டுட்டு எடுங்க டீச்சர். வெறுங்கையில பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும், கேட்டியளா?" என்றார். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இந்தத் தடவை விட்டுவிட்டேன்.

கூடையில் எட்டு இருந்தன. வலை இறுக்கியும் மிதிபட்டும் மூன்று கறுத்துப்போயிருந்தன. இந்த இனம் அடிபட்டால் மஞ்சள் போய் கறுத்துவிடும். கறுத்தவை கெட்டவை என்பது எங்கள் லேபின் எழுதாத சட்டம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, எலுமிச்சை நிறத்தில் பளிச்சென்று இருந்த ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டைத் துறையிலேயே நறுக்கி மெத்தனாலில் போட்டேன். எடுத்த கையோடு மெத்தனால், ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. சோதனைக்கென்று முந்தின நாளே கொஞ்சம் தனியாக ஊற்றி வைத்ததுபோக, பாட்டில் அந்த இரண்டோடு நிறைந்துவிட்டது. இரண்டை ஒரு வாளிக் கடல் தண்ணீரில் விட்டேன். மிச்சம் ஒன்றை, வாளியில் இடமில்லாமல், கடல் தண்ணீரோடு ஒரு கேரி பேக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

ஆட்டோவின் பின்பக்கத்தில் பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று முருகேசன் ஸ்டெப்னி டயரை எடுத்து என் காலடியில் சாய்த்து வைத்தார். மழைக்குப் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டோம். உள்ளே இருட்டு. வழியில் மீன் வாங்க அவர் ஒரு இடத்தில் நிறுத்தினார், பிறகு லாரி ஒன்று குறுக்கே நின்று பஜார் தெருவே அடைத்துக்கொண்டது. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வீட்டில் இறங்கும்போதுதான் பார்த்தேன். டயர் சரிந்து கேரி பேக்கின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது பஞ்சை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறது. பைக்குள் கறுப்பாக, கூழாக ஏதோ இருந்தது.

நான் கத்திவிட்டேன். "உங்கள யாருண்ணா டயர இங்க வைக்கச் சொன்னது?" என்று தெருவே கேட்கிற மாதிரி. பாவம், அவர் டயரைத் தூக்கித் திரும்பப் பின்பக்கம் வைத்தார். லதா வாசலுக்கு வந்து, "மேடம், மீன்தானே, வேற வாங்கலாம்" என்றார். இது மீன் இல்லை என்று விளக்குகிற பொறுமை எனக்கு இல்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அறையில் ஒரு சின்ன லேபே விரித்தேன். தகடுகள், ஊசி போல் மெல்லிய கண்ணாடிக் குழல்கள், திரவம் ஏறுவதற்கு மூடி போட்ட ஒரு ஜாம் பாட்டில், கையடக்கப் புற ஊதா விளக்கு. ஃபேனையும் ஜன்னலையும் திறந்து வைத்து, அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இடது பக்கம் குப்பியில் இருந்த பழைய மச்சம் ஒரு புள்ளி, வலது பக்கம் இன்றைய மெத்தனால் ஒரு புள்ளி. பத்து நிமிடம். போர்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு விளக்கைக் காட்டினேன். இடது பக்கம் மச்சம், வலது பக்கம் ஒன்றுமில்லை.

கட்டிலில் படுத்துவிட்டேன். மேடத்திடம் எப்படிச் சொல்வது, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பஞ்சில் இல்லை, வாளியில் இல்லை. அப்படியென்றால் நானே எதையோ கலந்துவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. அடுத்தவர் சந்தேகம் நம்மைப் படுத்தும் பாட்டில் இதுதான் மோசம், கொஞ்ச நாளில் நமக்கே நம் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

கேரி பேக் மூலையில் நாறிக்கொண்டிருந்தது. தூக்கி எறியத்தான் எழுந்தேன். எறிகிறதுதான் எறிகிறோம், ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எறியலாம் என்று தோன்றியது. நம்பிக்கை எல்லாம் இல்லை, தகடுகள் மிச்சம் கையில் இருந்தன, அவ்வளவுதான். கூழில் விரல் நுனியளவு எடுத்து மெத்தனாலில் கலக்கிப் புள்ளி வைத்தேன். போர்வைக்குள் போய் விளக்கைப் போட்டேன்.

வலது பக்கம் மச்சம் இருந்தது. பழையதை விட இருட்டாக, அதே உயரத்தில்.

சந்தோஷப்படுவதற்கு முன்னால் எனக்கு வந்த முதல் எண்ணம், டயர். வாளியைச் சந்தேகப்பட்டவள் டயரை விடுவேனா? ரப்பரில் என்னென்னவோ சேர்ப்பார்கள். கீழே ஓடினேன். முருகேசன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் இருந்த ஸ்டெப்னியை மெத்தனால் நனைத்த பருத்திப் பஞ்சால் துடைத்தேன். கேரி பேக்கிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டேன்.

அவர் கைகூடக் கழுவாமல் வந்து நின்று பார்த்தார். "மேடம், நான் தெரியாம வெச்சதுதான். அதுக்கு டயரெல்லாம் துடைக்க வேண்டாம்" என்றார். நான் கோபத்தில் சுத்தம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணா, நான் கத்தினதுக்கு மன்னிச்சிருங்க. வீட்ல இடிகல்லு இருக்கா?"

இருந்தது. லதா இஞ்சி பூண்டு நசுக்கும் கருங்கல் குழவியும் சின்னக் குழிக்கல்லும். எதற்கென்று சொல்லாமல் வாங்கியதற்குப் பிற்பாடு வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெந்நீர் ஊற்றிக் கழுவி, மெத்தனாலால் துடைத்து, துடைத்த பருத்திப் பஞ்சையும் ஒரு மாதிரியாக எடுத்து வைத்தேன். வாளியில் மஞ்சளாக இருந்த பஞ்சில் ஒன்றை எடுத்து பிளேடால் இரண்டாக வெட்டினேன். ஒரு பாதி உடனே மெத்தனாலுக்குள். மறு பாதியைக் கல்லில் போட்டு, அதன் கடல் தண்ணீரோடு இடித்தேன். மஞ்சள் கூழ் என் கண் முன்னாலேயே பழுப்பாகி, அப்புறம் கறுக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் அப்படியே விட்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தை அறையில் கழிக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. தெருமுனைக் கடையில் சாயாவும், பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியும். இருபத்தைந்து ரூபாய். எதிரே கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், லாரியின் நிழலில் இரண்டு ஆடுகள் முட்டைக்கோஸ் இலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பழம்பொரி நன்றாக இருந்தது என்று ஞாபகம். இரண்டாவது தட்டு எப்போது வாங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

திரும்பி வந்து தகட்டில் வரிசையாகப் புள்ளி வைத்தேன். பழைய மச்சம், உடனே மெத்தனாலில் போட்ட பாதி, இடித்த பாதி, டயர், பை, இடிகல். போர்வைக்குள் புழுக்கம். விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன், நிஜமாகவே. அப்புறம் திறந்து பார்த்தேன். இடித்த பாதியில் மச்சம். மற்ற பாதியில் இல்லை. டயரில் இல்லை, பையில் இல்லை, கல்லில் இல்லை. ஒரே பஞ்சு, இரண்டு பாதி.

வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே, எனக்கு அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. போர்வைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். லதா இடிகல்லைத் திரும்பக் கேட்க மாடிக்கு வந்தவர், போர்வை மூடிய உருவம் ஒன்று குலுங்குவதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஐயோ மேடம், யாராவது மரிச்சுப் போனாங்களா?"

"இல்லக்கா. பொழச்சுக்கிச்சு" என்றேன்.

நடந்தது இதுதான். கடற்பஞ்சால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. விஷத்தை எந்நேரமும் உடம்பில் வைத்திருந்தால் அதற்கே ஆபத்து. அதனால் சாதுவான ஒரு பெரிய மூலக்கூறாக அதைச் சேமித்து வைத்திருக்கும். யாராவது கடித்தால், மிதித்தால், அதன் உடம்பிலுள்ள நொதி விழித்துக்கொண்டு அந்தப் பெரிய மூலக்கூறை உடைத்து, கிருமியைக் கொல்லும் சின்னப் பொருளாக மாற்றிவிடும். அந்தச் சின்னப் பொருள்தான் என் மச்சம். மெத்தனால் பட்டால் நொதி அந்த நொடியே செயலிழந்துவிடும், அப்புறம் உடைக்க ஆளில்லை. கடற்பஞ்சுகளில் இப்படி நடப்பது புதிய விஷயம் ஒன்றும் இல்லை, வகுப்பில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க் கூட வாங்கியிருக்கிறேன். என் பஞ்சுக்கும் அது பொருந்தும் என்று ஒன்றரை வருடம் தோன்றவில்லை.

முதல் தடவை நான் கற்றுக்குட்டி. குவியலில் கிடந்ததை அள்ளி வாளியில் திணித்து, அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம்தான் நறுக்கினேன். மச்சம் வந்தது. இரண்டாவது தடவை வேலை தெரிந்தவளாகப் போனேன். கறுத்ததை ஒதுக்கி, நல்லதைப் பொறுக்கி, ஒரு நிமிடத்தில் மெத்தனாலில் போட்டேன். பொக்கிஷத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதுவும் இரண்டு தடவை.

மேடத்துக்குத் தகட்டின் படத்தை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் ஃபோன் வந்தது. ஹலோ கூடச் சொல்லவில்லை.

"டயரைப் பாத்தியா?"

"பாத்தேன் மேடம். நாலாவது புள்ளி."

"கல்லு?"

"ஆறாவது."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "சாப்டியா?" என்றார். நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். இரண்டு தட்டுப் பழம்பொரி என்றேன். சிரித்தார். அவரும் எனக்காகக் குழுவில் பதில் சொல்ல வேண்டியவர், அவர் தூக்கமும் போயிருக்கும் என்று அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் உறைத்தது.

மறுநாள் காலை திரும்பவும் துறைமுகம். சூசையிடம் கறுத்ததையும் கொடுங்கள் என்றதும், "நேத்து நல்லது வேணும்னிய, இன்னைக்குக் கெட்டது வேணும்னியளே?" என்று சிரித்தார். மஞ்சளும் கறுப்புமாக அள்ளிக் கொடுத்தார். தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் உப்பும் போட்டு அடைத்தேன். மிஞ்சிய திரவங்களை எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியின் லேபில் இருக்கும் தோழிக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். எனவே திரும்பும்போது எனக்கும் படகு கிடைத்தது. மழைக்குப் பின் காயல் தட்டையாக, அமைதியாகக் கிடந்தது. நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் மீன் நாற்றம் தாங்காமல் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். போகட்டும்.

லதாவின் இடிகல் பாழ். எவ்வளவு கழுவியும் நாற்றம் போகவில்லை. "இனி இதுல இஞ்சி சதைச்சு யாரு தின்னும்? சொல்லுங்க" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டார். கிளம்புவதற்கு முன் கடைவீதியில் புதுக் கல் ஒன்று வாங்கிக் கொடுத்துப் பழையதை நான் எடுத்துக்கொண்டேன். இந்தப் பதிவை முருகேசனுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன், அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னார். டயர் தானாகச் சரியவில்லையாம், அந்தப் பள்ளம் கார்ப்பரேஷன் மூடாமல் விட்டதாம். பின்னாலிருந்து லதா, கார்ப்பரேஷனைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கத்துவது கேட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் அனுமதி. எல்லாக் கடற்பஞ்சையும் எடுக்க முடியாது, சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை உண்டு. கல்லூரி மூலமாக முறையாக அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜூலை முடிய போக வேண்டாம், வெறும் படகுகளைத்தான் பார்க்கலாம். துறைமுகத்துக்கு ஆறு மணிக்குள் போய்விட வேண்டும். மட்டாஞ்சேரியிலிருந்து அந்நேரத்துக்கு ஆட்டோ எண்பது, நூறு கேட்பார்கள். கையுறை அவசியம். குறிப்பாக, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரியுங்கள், ஒன்றை உடனே மெத்தனாலில் போடுங்கள், இன்னொன்றை நசுக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். வேலை தெரியாமல் இருந்தபோது நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திருத்திக்கொண்டே வரும்போது எதைத் திருத்தினோம் என்பதே மறந்துபோகும்.

ஊர் வந்த மூன்றாம் நாள், மேடம் அந்தப் பேராசிரியரை லேபுக்கு அழைத்திருந்தார். உறைந்த மஞ்சள் பஞ்சு ஒன்றை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உறைந்தபடியே மெத்தனாலில் போட்டேன். மறு பாதியைப் பீங்கான் குழிக்கல்லில் போட்டு அவரிடமே நீட்டி, "நீங்களே இடிங்க சார்" என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையுறை மாட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு இடித்தார். கறுத்தது. ஒரு மணி நேரம் வேறு எங்கும் போகாமல் லேபிலேயே உட்கார்ந்திருந்தார். தகட்டை அவரே ஓட்டினார், விளக்கையும் அவரே பிடித்தார். வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தபோது மார்ச்சில் கேட்டதை அவர் கேட்கவில்லை. "இடிச்சு எத்தனை நிமிஷத்துல வர ஆரம்பிக்குது?" என்று கேட்டார்.

"தெரியாது சார். இனிமேதான் பாக்கணும்" என்றேன். இந்த நாலு வருடத்தில் தெரியாது என்று அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் சொன்னதில்லை.